பியருக்கு மதிப்பெண் இடுவோருக்கு



பியருக்கான மதிப்பெண் அது எந்த வகையைச் சேர்ந்தது என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறது. மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட், தண்ணீர் என்ற அதே நான்கு அடிப்படைப் பொருள்களிலிருந்துதான் பெரும்பாலான பியர் வருகிறது. ஆனால் செக் நாட்டின் பில்சன் நகரில் 1842-இல் யோசெஃப் குரோல் முதன்முதலாகக் காய்ச்சிய பொன்னிற லாகருக்கும், பவேரியாவின் கோதுமைப் பியரான வைஸ்பியருக்கும், பெல்ஜியத்தின் சென்னெ ஆற்றுப் பள்ளத்தாக்கில் காற்றிலிருந்து வந்து சேரும் காட்டு ஈஸ்டால் புளிக்கும் லாம்பிக்குக்கும் நோக்கம் ஒன்றல்ல. முதலாவதில் கண்ணாடி போன்ற தெளிவும் சுத்தமான கசப்பும் வேண்டும். இரண்டாவது கலங்கியிருக்க வேண்டும். வாழைப்பழமும் கிராம்பும் மணக்க வேண்டும். மூன்றாவது புளிக்காவிட்டால் லாம்பிக்கே இல்லை. தோசையின் முறுகலை இட்லியில் தேடி மதிப்பெண் குறைப்பது எவ்வளவு பிழையோ, பில்ஸ்னரின் தெளிவை வைஸ்பியரில் தேடுவதும் அவ்வளவு பிழை.

இப்படி வகை பிரித்துப் பேசும் பழக்கத்தை உலகெங்கும் பரப்பியவர் மைக்கேல் ஜாக்சன் என்ற ஆங்கிலேய எழுத்தாளர் (1942–2007). 1977-இல் வெளிவந்த 'தி வேர்ல்ட் கைடு டு பியர்' என்ற அவருடைய நூல், ஒவ்வொரு நாட்டின் பியரையும் அதனதன் மரபுக்குள் வைத்து விளக்கியது. காலமும் அதற்குத் தோதாக இருந்தது. பிரிட்டனில் பீப்பாயிலேயே முதிரும் மரபுப் பியரைக் காக்க 'கேம்ரா' இயக்கம் 1971-இல் தொடங்கியிருந்தது. அமெரிக்காவில் ஃபிரிட்ஸ் மேட்டாக் 1965-இல் மூடவிருந்த ஆங்கர் ஆலையை வாங்கி நிமிர்த்தியிருந்தார். ஜாக் மெக்காலிஃப் 1976-இல் கலிபோர்னியாவின் சொனோமாவில் நியூ அல்பியன் என்ற சிற்றாலையைத் தொடங்கினார். வீட்டில் பியர் காய்ச்சுவதைச் சட்டப்படி அனுமதிக்கும் மசோதாவில் 1978-இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டார். வீட்டில் காய்ச்சியவர்கள் போட்டி நடத்தினார்கள். போட்டிக்கு நடுவர்கள் வேண்டியிருந்தது. நடுவர்களுக்கு ஒரு பொது அளவுகோல் வேண்டியிருந்தது. 1985-இல் உருவான பியர் நடுவர் சான்றிதழ்த் திட்டமான பி.ஜே.சி.பி. அந்தத் தேவைக்கு விடையாக வந்தது. இன்று பல நாடுகளின் போட்டிகளில் அதன் வகைப் பட்டியலும் மதிப்பெண் தாளும்தான் மேசையில் இருக்கின்றன.

வகைப் பட்டியல் கல்வெட்டு அன்று, திருந்திக்கொண்டே வருவது. இலங்கையின் லயன் ஸ்டவுட் இதற்கு நல்ல சான்று. 19-ஆம் நூற்றாண்டில் நுவரெலியா மலையில் தொடங்கிய ஆலையின் வழிவந்தது அது. அதன் பெருமையைத் தீவுக்கு வெளியே எடுத்துச் சென்றவர்களில் ஜாக்சன் முக்கியமானவர். டப்ளினின் வறண்ட, காப்பிக் கசப்பு மிகுந்த ஸ்டவுட்டை மனத்தில் வைத்துக்கொண்டு குடிப்பவருக்கு லயன் இனிப்பு மிகுந்ததாகத் தோன்றும். வெல்லப்பாகும் உலர்ந்த பழமும் தூக்கலாகத் தெரியும். முன்பு இது 'ஃபாரின் எக்ஸ்ட்ரா ஸ்டவுட்' என்ற பெரிய பெட்டிக்குள் மற்றவற்றோடு அடைபட்டிருந்தது. 2015-ஆம் ஆண்டின் பி.ஜே.சி.பி. பட்டியலில் 'டிராபிகல் ஸ்டவுட்' என்ற தனி வகை வந்தது. அதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் பியர்களில் லயனும் ஒன்று. கோப்பையில் இருந்தது மாறவில்லை. அதைப் பார்க்க வேண்டிய கோணம்தான் சரியானது.

பி.ஜே.சி.பி. தாள் 50 மதிப்பெண்ணுக்கானது. மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் படும் உணர்வுக்கு 5, ஒட்டுமொத்த மதிப்புக்கு 10. இந்தப் பங்கீட்டைக் கவனித்துப் பார்ப்பது நல்லது. கண்ணுக்கு 3 மட்டுமே. மூக்குக்கும் நாக்குக்கும் சேர்த்து 32. அழகாக நுரைத்து நிற்கும் ஒரு மோசமான பியர் இந்தத் தாளில் தப்ப முடியாது. நிறம் சற்றுப் பிசகிய அருமையான பியர் தண்டிக்கப்படவும் முடியாது. 45-உம் அதற்கு மேலும் என்றால் அந்த வகைக்கே இலக்கணம். 38 முதல் 44 வரை மிகச் சிறந்தது. 30 முதல் 37 வரை நன்று, சிறு திருத்தம் போதும். 21 முதல் 29 வரை வகையின் ஏதோவொரு கூறு தவறியது. அதற்குக் கீழே போகப் போகக் குறைகள் மேலோங்கும். 13-க்குக் கீழே இறங்காமல் நிறுத்திக்கொள்வது நடுவர்களின் வழக்கம். எவ்வளவு கெட்டுப்போன பியருக்குப் பின்னாலும் ஒருவரின் உழைப்பு இருக்கிறது என்பதை அந்த வழக்கம் மறக்கவில்லை.

சுவைப்பதற்கு முன் கோப்பையைப் பார்க்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கோ சோப்பு எச்சமோ இருக்கும் கோப்பையில் நுரை நிற்காது. குமிழ்கள் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்பது கோப்பை சுத்தமில்லை என்பதற்கு அடையாளம். அந்தக் குறையைப் பியரின் கணக்கில் எழுதுவது அநியாயம். உறைபனி படிந்த கோப்பை விருந்துக்கு அழகாக இருக்கலாம், மதிப்பீட்டுக்கு உதவாது: குளிர் மணத்தை அடைத்துவிடும், நாக்கை மரக்கச் செய்யும். பில்ஸ்னர் போன்ற லாகர்களுக்கு 4 முதல் 7 டிகிரி செல்சியஸ், பெரும்பாலான ஏல்களுக்கு 10 முதல் 13, பார்லி ஒயின் போன்ற கனத்த பியர்களுக்கு அதைவிடச் சற்று அதிகம் என்பது பொதுவான அளவு. மிகக் குளிர்ச்சியாக வந்துவிட்டால் இரு உள்ளங்கைகளுக்கு இடையில் கோப்பையைச் சிறிது நேரம் வைத்திருந்தால் போதும்.

ஊற்றும் அளவு 60 முதல் 90 மில்லி லிட்டர் இருந்தால் நிறைவு. பெங்களூரின் புரூபப்களில் மரத்தட்டில் சிறுகோப்பைகளாக அடுக்கித் தரும் சாம்பிளர் இதற்கு ஏற்றது. ஆனால் எந்தக் கோப்பையை முதலில் எடுப்பது என்பது முடிவையே மாற்றிவிடும். மெலிந்ததிலிருந்து கனத்ததற்கு, கசப்புக் குறைந்ததிலிருந்து மிகுந்ததற்கு, புளிப்பில்லாததிலிருந்து புளிப்பானதற்குப் போக வேண்டும். கசப்பு மிகுந்த டபுள் ஐ.பி.ஏ. (இந்தியா பேல் ஏல்) குடித்த வாயில் கோதுமைப் பியர் வெறும் தண்ணீராகத் தெரியும். இடையில் சாதாரணத் தண்ணீரும் உப்பில்லாத பிஸ்கெட்டோ ரொட்டித் துண்டோ போதும். காரமான தொடுகறி மேசையில் இருக்கும் வரை நேர்மையான மதிப்பீடு நடக்காது. வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு மேசைக்கு வருபவர் தன் மூக்கை மட்டுமல்லாமல் பக்கத்தில் இருப்பவரின் மூக்கையும் கெடுக்கிறார்.

ஊற்றியவுடன் முதல் வேலை மூக்குக்கு. ஆவியாகக்கூடிய மணப்பொருள்கள் கரியமில வாயுவோடு சேர்ந்து வெளியேறிக்கொண்டே இருக்கின்றன. லாகரில் மெலிதாக எழும் கந்தக வாடை போன்றவை ஓரிரு நிமிடங்களில் மறைந்துவிடும். மூக்கும் விரைவில் பழகிப்போகும். ஒரு மணத்தை அரை நிமிடம் தொடர்ந்து முகர்ந்தால் அது அங்கே இல்லாததுபோல் ஆகிவிடும். ஆகவே முதலில் கோப்பையைச் சற்றுத் தள்ளிப் பிடித்து ஒரு சிறு மூச்சு. பிறகு கோப்பையின் வாயை உள்ளங்கையால் மூடிச் சுழற்றி, கையை எடுத்ததும் இரண்டு மூன்று குறும்மூச்சுகள். கடைசியாக ஒரு நீண்ட மூச்சு. மூக்கு களைத்தால் சொந்தச் சட்டைக் கையை முகர்வது பழைய நடுவர்களின் பழக்கம்: பழகிய மணம் மூக்கை நடுநிலைக்குக் கொண்டுவருகிறது. தோன்றியதை உடனே எழுதிவிட வேண்டும். மால்ட்டிலிருந்து வருவது ரொட்டி, பிஸ்கெட், கேரமல், வறுத்த காப்பிக்கொட்டை. ஹாப்ஸிலிருந்து வருவது அமெரிக்கக் கேஸ்கேடில் பம்பளிமாஸ் தோல், சிட்ராவில் மாம்பழமும் எலுமிச்சையும், செக் நாட்டு சாட்ஸில் மூலிகையும் மெல்லிய காரமும். ஈஸ்டிலிருந்து வருவது பழம், மசாலா. இந்த மூன்று மூலங்களையும் பிரித்து எழுதப் பழகியவரின் குறிப்பு காய்ச்சியவருக்குப் பயன்படும். 'அருமையான மணம்' என்று மட்டும் எழுதினால் அவரால் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது.

தோற்றத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியது சொற்பம்; ஆனால் அதன் வஞ்சகம் பெரிது. பிரான்சின் போர்தோவில் ஒயின் கல்வி பயின்ற 54 மாணவர்களிடம் மணமில்லாச் சாயம் கலந்து சிவப்பாக்கிய வெள்ளை ஒயினைக் கொடுத்தபோது, சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களாலேயே அவர்கள் அதன் மணத்தை வர்ணித்தார்கள் என்று 2001-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. பியரிலும் அதே கண்தான் வேலை செய்கிறது. ஜெர்மனியின் ஷ்வார்ட்ஸ்பியர் கறுப்பானது. குடித்தால் மென்மையான, மெலிந்த லாகர். கறுப்பைக் கண்டதும் தீய்ந்த காப்பிச் சுவையை எழுதிவிடும் பேனா அங்கே தோற்றுவிடுகிறது. நிறத்துக்கு முன் மணத்தை எழுதச் சொல்வதன் காரணம் இதுவும்தான்.

கலங்கல் குறையா இல்லையா என்பதும் வகையைப் பொறுத்தது. ஐ.பி.ஏ. தெளிவாக இருக்க வேண்டும் என்பதே நெடுங்காலம் விதி. வெர்மான்ட் மாநிலத்தின் ஆல்கெமிஸ்ட் ஆலை தந்த ஹெடி டாப்பர் போன்றவை கலங்கலோடும் பழச்சாறு போன்ற மணத்தோடும் ஒரு புதிய மரபைத் தொடங்கின. 2018-இல் அமெரிக்கப் பியர் ஆலையாளர் சங்கம் அதைத் தனி வகையாகவே தன் பட்டியலில் சேர்த்தது. நுரையைப் பொறுத்தவரை, மால்ட்டின் புரதமும் ஹாப்ஸின் கசப்புப் பொருளும் பிணைந்து அது நிற்கிறது; எவ்வளவு உயரம் எழுந்தது, எவ்வளவு நேரம் நின்றது, இறங்கும்போது கோப்பைச் சுவரில் வலை போன்ற தடத்தை விட்டதா என்று பார்த்து எழுதினால் அந்த மூன்று மதிப்பெண்ணின் வேலை முடிந்தது.

சுவைக்கும்போது வாய் நிறைய அல்ல, ஒரு மிடறு. அது நாக்கு முழுவதும் பரவ வேண்டும். இனிப்பு நுனியில், கசப்பு அடியில் என்று பாடப்புத்தகங்களில் இருந்த நாக்கு வரைபடம் தவறானது. டாவிட் ஹேனிக் என்ற ஜெர்மானியர் 1901-இல் வெளியிட்ட ஆய்வைப் பிற்காலத்தவர் பிழையாகப் படித்ததில் பிறந்தது அது. எல்லாச் சுவையும் நாக்கின் எல்லாப் பகுதியிலும் தெரியும். ஒயினைத் துப்புவதுபோல் பியரைத் துப்பக் கூடாது. கசப்பு மெல்லத் தலையெடுத்து, விழுங்கிய பிறகும் தொண்டையில் நிற்கும். விழுங்கிவிட்டு வாயை மூடி மூக்கால் மூச்சை விட்டால், வாயின் பின்புறமாக மூக்குக்கு ஏறும் மணத்தில்தான் பியரின் பெரும்பகுதி இருக்கிறது. விழுங்க வேண்டியிருப்பதால் ஓர் அமர்வில் சுவைக்கக்கூடியவற்றின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. அதை மீறியபின் இடும் எண்கள் பியரைப் பற்றியவை அல்ல; அமர்வு முடிந்தபின் வண்டி ஓட்டுவதும் கூடாது.

கசப்பை ஐ.பி.யு. என்ற அலகால் அளக்கிறார்கள். ஒரு லிட்டரில் ஒரு மில்லி கிராம் ஐசோ ஆல்ஃபா அமிலம் ஏறக்குறைய ஓர் அலகு. அமெரிக்க ஐ.பி.ஏ.வுக்கு 40 முதல் 70, இம்பீரியல் ஸ்டவுட்டுக்கு 50 முதல் 90, ஜெர்மன் பில்ஸுக்கு 22 முதல் 40. எண்ணை மட்டும் பார்த்தால் பில்ஸ்தான் மிகவும் சாது. ஆனால் ஸ்டவுட்டின் கனத்த மால்ட் இனிப்பு 60 அலகுக் கசப்பையும் உள்ளே வாங்கிக்கொள்ளும். பில்ஸின் மெலிந்த உடலில் 38 அலகு கத்திபோல் நிற்கும். புட்டியில் அச்சிட்ட எண்ணைப் பார்த்துக் கசப்பை எழுதாமல், மால்ட்டோடு சேர்த்து வாயில் தெரிந்ததை எழுதுவதே சுவைஞரின் வேலை. வாயில் படும் உணர்வு என்பது பியரின் கனம், வாயுவின் குறுகுறுப்பு, மதுவின் சூடு, துவர்ப்பு ஆகியவை. மால்ட் உமியை அளவுக்கு மீறிச் சூடான நீரில் அலசினால் வரும் துவர்ப்பைக் கசப்போடு குழப்பிக்கொள்பவர்கள் பலர். கசப்பு ஒரு சுவை. துவர்ப்பு கன்னத்தின் உட்புறத்தை இழுத்துப் பிடிக்கும் உணர்வு.

இனி, மதிப்பீட்டின் உயிரான பகுதி: குறைகளைக் கண்டுபிடித்துப் பெயரிடுவது. 1970-களில் மார்ட்டன் மெயில்கார்ட் என்ற டேனிஷ் வேதியியலாளர் பியரின் மணம், சுவைகளை ஒழுங்குபடுத்தி ஒரு சக்கரமாக வரைந்தார். ஐரோப்பிய, அமெரிக்கத் தொழில்நுட்ப அமைப்புகள் அதைப் பொது மொழியாக ஏற்றன. அந்தச் சக்கரத்தில் உள்ள ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு வேதிப்பொருள், அதற்குப் பின்னால் ஆலையில் நடந்த ஒரு செயல் அல்லது செய்யத் தவறிய ஒரு செயல் இருக்கிறது. பெயரைச் சரியாகச் சொன்னால் காய்ச்சியவர் காரணத்தைப் பிடித்துவிடலாம்.

உருக்கிய வெண்ணெய் அல்லது பட்டர்ஸ்காட்ச் மிட்டாய் மணத்தால் டயாசெட்டில் தெரியும், லிட்டருக்கு 0.1 மில்லி கிராம் அளவிலேயே லாகரில் வெளிப்படும். நொதிக்கும்போது ஈஸ்ட் வெளியே விடும் ஒரு பொருள் தானாக டயாசெட்டிலாக மாறுகிறது. அவகாசம் கொடுத்தால் அதே ஈஸ்ட் அதைத் திரும்ப உள்ளிழுத்துக் கரைத்துவிடும். அதற்காகவே லாகர் காய்ச்சுவோர் நொதிப்பின் இறுதியில் வெப்பத்தைச் சற்று ஏற்றி ஓரிரு நாள் வைக்கிறார்கள். ஆகவே 'வெண்ணெய் வாடை' என்ற குறிப்பு, அவசரமாகக் குளிர்வித்துவிட்டார்கள் என்றோ, பியரை வடிக்கும் குழாய்களில் கிருமி சேர்ந்திருக்கிறது என்றோ பொருள்படும். வேகவைத்த மக்காச்சோள வாடை டைமெத்தில் சல்பைடு என்ற பொருளால் வருவது. வெளிர்நிற மால்ட்டில் இயல்பாக உருவாகும் அது, பாத்திரத்தை மூடாமல் நன்றாகக் கொதிக்கவிட்டால் ஆவியாகிப் போய்விடும். பச்சை ஆப்பிள் வாடை தரும் அசிட்டால்டிஹைடு, பியர் முதிரும் முன் ஈஸ்டிலிருந்து பிரிக்கப்பட்டதைக் காட்டும். மருந்துக் கட்டுத்துணி வாடை பெரும்பாலும் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரின் வேலை.

காய்ச்சியவரைக் குற்றம் சொல்ல முடியாத இரண்டு குறைகள் தனியாகக் கவனிக்கத்தக்கவை. ஒன்று வெயில். ஹாப்ஸின் கசப்புப் பொருள்மீது ஒளி பட்டால், பியரிலுள்ள ரைபோஃபிளேவின் துணையோடு அது உடைந்து, ஸ்கங்க் என்ற அமெரிக்க விலங்கு பீய்ச்சும் திரவத்தை நினைவூட்டும் ஒரு கந்தகப் பொருளாகிறது. ஒரு லிட்டரில் ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு கண்டுகொள்ளும். பழுப்புப் புட்டி இந்த ஒளியைப் பெருமளவு தடுக்கும்; பச்சை, நிறமற்ற புட்டிகள் தடுக்காது; உலோகக் கேன் முழுவதும் தடுக்கும். மற்றொன்று பழசானது. ஆக்சிஜனும் வெப்பமும் நாளும் சேர்ந்து பியரில் ஈரம்பட்ட அட்டைப்பெட்டி வாடையைக் கொண்டுவரும். நம் நாட்டு வெயிலில் லாரியிலும் கடை வாசலிலும் கிடந்த புட்டிக்குக் குறைந்த மதிப்பெண் இடும்போது, புட்டியில் உள்ள தேதியையும், எங்கே எப்படி வைக்கப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்து எழுதுவது கடமை. தேதி எழுதாத மதிப்பெண் ஆலையையும் கடையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறது.

ஒரே பொருள் ஓரிடத்தில் குறை, மற்றோரிடத்தில் நிறை. வாழைப்பழ மணமுள்ள ஐசோஅமைல் அசிட்டேட்டும் கிராம்பு மணமுள்ள 4-வினைல் குவையகாலும் வைஸ்பியருக்கு அடையாளம். லாகரில் அவை வந்தால் நொதிப்பு கெட்டது என்று பொருள். மெலிதான டயாசெட்டில் செக் லாகரிலும் சில ஆங்கிலேயப் பிட்டரிலும் ஏற்றுக்கொள்ளப்படும். ஜெர்மன் பில்ஸில் ஏற்கப்படாது. கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் பெல்ஜிய விட்பியரில் வேண்டியவை; மறைந்துபோயிருந்த அந்த வகையை 1960-களின் நடுவில் ஹூகார்டன் ஊரில் பியேர் செலிஸ் மீட்டெடுத்தார். பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்டின் கதை இன்னும் விரிந்தது. கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் நீல்ஸ் கிளாசென் 1904-இல் அதை அறிவித்தபோது, நெடுநாள் பீப்பாயில் முதிர்ந்த ஆங்கிலேய ஏல்களின் தனிச்சுவைக்குக் காரணமாகவே அதைச் சொன்னார். இன்று பெரும்பாலான ஆலைகளில் அது வந்தால் தொற்று. பெல்ஜியத்தின் ஓர்வால் மடத்தில் புட்டியிடும்போது வேண்டுமென்றே சேர்க்கப்படுகிறது. புதிய ஓர்வாலில் ஹாப்ஸ் முந்தும்; ஓராண்டு கழித்து அதே புட்டியில் தோலும் வைக்கோலும் போன்ற மணம் முந்தும். வயதைச் சொல்லாமல் ஓர்வாலுக்கு இடும் மதிப்பெண் பாதி மதிப்பெண்தான். ஐ.பி.ஏ.வில் காலம் வேறு திசையில் வேலை செய்கிறது: அதன் ஹாப்ஸ் மணம் சில வாரங்களில் மங்கத் தொடங்கும், எந்த ஆண்டிலும் திரும்பாது.

இந்தக் குறைகளை ஏட்டில் படித்து அறிய முடியாது, முகர்ந்தே பழக வேண்டும். பயிற்சி தருவோர் அளந்த குறைப்பொருளைச் சாதாரண லாகரில் கலந்து, கலக்காததோடு பக்கத்தில் வைப்பார்கள். வீட்டிலும் ஓரளவு செய்யலாம். ஒரே லாகரை இரண்டு கண்ணாடிக் கோப்பைகளில் ஊற்றி, ஒன்றை நல்ல வெயிலில் சில நிமிடங்கள் வைத்தால் ஒளிபட்ட வாடை தெரிந்துவிடும். ஒரே பெட்டியிலிருந்து ஒரு புட்டியைக் குளிர்பெட்டியிலும் மற்றொன்றைச் சில வாரம் அடுப்படி வெப்பத்திலும் வைத்துத் திறந்தால் அட்டைப்பெட்டி வாடை தெரியும். சிலருக்குச் சில பொருள்கள் எவ்வளவு முயன்றாலும் மூக்கில் ஏறாது, டயாசெட்டில் அப்படிப்பட்டது. தன் மூக்கின் குருட்டுப் புள்ளியை அறிந்து, அந்த இடத்தில் பக்கத்து நாற்காலியின் தீர்ப்பை மதிப்பவர் நம்பத்தக்க நடுவர்.

நடுவர்கள் எவ்வளவு தடுமாறக்கூடியவர்கள் என்பதற்கு ஒயின் உலகில் ஒரு கண்டிப்பான சோதனை நடந்திருக்கிறது. கலிபோர்னியா மாநிலக் கண்காட்சியின் ஒயின் போட்டியில், ஒரே புட்டியிலிருந்து மூன்று முறை ஊற்றி நடுவர்களுக்குத் தெரியாமல் வரிசையில் கலந்து வைத்தார் ராபர்ட் ஹாட்ஜ்சன். 2008-இல் வெளியான முடிவின்படி, பத்தில் ஒருவர் அளவுக்கே மூன்று முறையும் ஒரே பதக்கத் தரத்துக்குள் மதிப்பெண் இட்டிருந்தார்கள். பியர் சுவைஞர்களின் மூக்கு வேறு வகையானது என்று நினைக்கக் காரணம் இல்லை. அதனால்தான் நல்ல போட்டிகளில் புட்டியும் பெயரும் விலையும் மறைக்கப்படுகின்றன. அதனால்தான் முதலில் ஒவ்வொருவரும் பேசாமல் எழுதி முடித்து, பிறகு பேசுகிறார்கள். மூத்தவர் ஒருவர் 'இதில் வெண்ணெய் வாடை' என்று உரக்கச் சொல்லிவிட்டால் மேசை முழுவதற்கும் வெண்ணெய் மணக்கத் தொடங்கிவிடும். எண்கள் ஏழுக்கு மேல் விலகியிருந்தால் மீண்டும் சுவைத்து நெருங்குவது நடுவர்களின் நெறி. தனியாகப் பழகுவோருக்கு முக்கோணச் சோதனை போதும்: மூன்று கோப்பையில் இரண்டில் ஒரே பியர், ஒன்றில் வேறு; வேறானதைக் கண்டுபிடிக்க வேண்டும். குருட்டாம்போக்கில் மூன்றுக்கு ஒன்று சரியாகும் என்பதால், பல முறை செய்து அதைவிட எவ்வளவு அதிகம் சரியாகிறது என்று பார்க்க வேண்டும்.

குடிப்போர் பொதுவாக இடும் மதிப்பெண்களைத் தொகுத்து வரிசைப்படுத்தும் பட்டியல்களில் ஒரு சாய்வு தொடர்ந்து தெரிகிறது. மது அளவு மிகுந்தவை, கறுத்துக் கனத்தவை, எளிதில் கிடைக்காதவை மேலே ஏறுகின்றன; 3.5 சதவீத ஆங்கிலேய மைல்டும், சுத்தமான ஹெல்லஸ் லாகரும் கீழே தங்குகின்றன. 2005-இல் அப்படியொரு தொகுப்பில் பெல்ஜியத்தின் புனித சிக்ஸ்டஸ் மடத்துத் துறவிகள் காய்ச்சும் வெஸ்ட்வ்லெட்டெரன் 12 உலகின் மிகச் சிறந்த பியராக அறிவிக்கப்பட்டது. 10.2 சதவீதம் மது கொண்ட, புட்டியில் லேபிளே இல்லாமல் மூடியால் அடையாளம் காணப்பட்ட பியர் அது. மடத்தின் வாசலில் கார்கள் வரிசைகட்டி நின்றன. துறவிகள் உற்பத்தியைக் கூட்ட மறுத்துவிட்டார்கள். அது சிறந்த பியர் என்பதில் ஐயம் இல்லை. ஆனால் அதை வாங்க நாடு கடந்து போனவர் இடும் மதிப்பெண்ணில் பயணமும் காத்திருப்பும் கலந்துவிடுகின்றன. குறைகளை மறைக்க இடமே இல்லாத மெலிந்த லாகரைப் பிழையின்றிக் காய்ச்சுவது ஆலையின் கடினமான வேலைகளில் ஒன்று. அதற்கு 'சாதாரணம்' என்று எழுதிக் குறைந்த மதிப்பெண்ணில் நிறுத்துவது, அந்தத் திறமையை அறியாதவரின் தீர்ப்பு. அந்த மெலிந்த பியர்கள் தங்கள் வகைக்குள் முழு மதிப்பெண் பெறும் நாள் வரும்வரை, இந்தப் பட்டியல்கள் ஆலைகளை மேலும் மேலும் கனத்தவற்றின் பக்கமே தள்ளும்.

சிற்றாலைகளில் பெரும்பாலானவற்றில் ஆய்வகம் இல்லை. ஒருவர் அல்லது இருவரின் மூக்கே தரக் கட்டுப்பாடு. அவர்களுக்கு வெளியிலிருந்து வரும் நேர்மையான குறிப்பு விலைமதிப்பற்றது. அத்தகைய குறிப்பில், எந்த வகையாகக் கருதி மதிப்பிடப்பட்டது, எந்தத் தேதியில் அடைக்கப்பட்டது, கேனிலா புட்டியிலா குழாயிலா, மணத்தில் முதலில் தோன்றியதும் பிறகு தோன்றியதும், குறை இருந்தால் அதன் பெயரும் அளவும், சரிசெய்ய ஒரு யோசனை ஆகியவை இருக்கும். எண் கடைசியில் வரும். ஒட்டுமொத்த மதிப்புக்கான பத்தில் மட்டும் சுவைஞரின் சொந்த விருப்பத்துக்கு இடம் உண்டு. இன்னொரு கோப்பை கேட்கத் தோன்றுமா என்பது அங்கே நியாயமான கேள்வி. மணத்துக்கும் சுவைக்கும் உரிய இடங்களில் அந்த விருப்பம் நுழையக் கூடாது. ஹாப்ஸ் பிடிக்காதவர் ஐ.பி.ஏ.வுக்கு நடுவராக இருக்கலாம், அது எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்திருந்தால்.

எந்த வகையிலும் அடங்காத பியர்களும் வரும். பலாப்பழமோ பனைவெல்லமோ சேர்த்தது, விஸ்கிப் பீப்பாயில் ஊறியது, இரண்டு மரபுகளைக் கலந்தது என இவற்றுக்கும் பட்டியலில் தனிப் பிரிவுகள் இருக்கின்றன. அங்கே காய்ச்சியவரே அடிப்படை வகையையும் சேர்த்த பொருளையும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. நடுவர் அந்தச் சீட்டைப் படித்துவிட்டு, சொன்ன பொருள் கோப்பையில் தெரிகிறதா, தெரிந்தாலும் அடியில் இருக்கும் பியரை விழுங்காமல் அதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறார். சீட்டில் பனைவெல்லம் என்று இருந்து கோப்பையில் வெறும் இனிப்பு மட்டும் இருந்தால் மதிப்பெண் குறையும். பனைவெல்லத்தின் புகையும் உப்பும் மால்ட்டோடு சேர்ந்து தெரிந்தால், அது இதுவரை எந்தப் பட்டியலிலும் இல்லாத பியராக இருந்தாலும், 40-க்கு மேல் எழுதத் தயங்க வேண்டியதில்லை.